டி செல் புரதங்களைக் கட்டும் கொழுப்புக் கயிறு: ஆய்வகத்துக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு இடம் கேட்டு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள். கோபி, தாராபுரம், உடுமலை, பெருந்துறை என்று ஊரைச் சொல்லும்போதே கூச்சப்படுவார்கள். "டி செல்லுல ஏதாச்சும் பண்ணோணுங்க மேடம்" என்பார்கள். நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகைதான் டி செல். புரதத்தில் கொழுப்பு ஒட்டுவதைப் பார்க்கலாமா என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். போன வருடம் ஒரு தம்பி நேராகவே கேட்டான்: "ஏனுங் மேடம், கொழுப்பு சவ்வுல இருக்கும், புரதம் தனியா இருக்கும். ரெண்டும் எப்படிங்க ஒட்டும்? ஒட்டுனா என்னங்க ஆகும்?"

அவனுக்கு ஒரு மாதமாக வாய்மொழியாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளியில் படித்த அமினோ அமிலப் பெயர்கள் நினைவிருந்தால் போதும், இதைப் பின்தொடரலாம்.

முதல் படி: கட்டுத்தரையிலிருந்து தொடங்குங்கள்

காங்கேயம் காளைக்கு இளம் வயதிலேயே மூக்குக் குத்திக் கயிறு போட்டுவிடுவார்கள். மூக்கணாங்கயிறு நைந்தால் வேறு மாற்றுவார்களே தவிர, அந்த மூக்கு பிறகு வெறுமையாக இருப்பதில்லை. தும்பு அப்படியல்ல. காலையில் அவிழ்ப்போம், சாயங்காலம் கட்டுத்தரையில் முளைக்குச்சியோடு சேர்த்துக் கட்டுவோம். இந்த இரண்டு கயிறுகளின் வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டி செல்லின் புரதங்களிலும் இப்படி இரண்டு கயிறுகள் உண்டு. முதலாவது மிரிஸ்டாயிலேஷன். ரைபோசோமில் புரதச் சங்கிலி உருவாகிக்கொண்டிருக்கும்போதே முன்னால் இருக்கும் மெத்தியோனின் வெட்டப்பட்டு, அடுத்திருக்கும் கிளைசின் வெளியே வருகிறது. அதன்மேல் 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமிலத்தை என்எம்டி என்ற நொதி ஒட்டுகிறது. அமைடு பிணைப்பு என்பதால் அநேகமாக ஆயுள் முழுக்க அவிழாது. இது மூக்கணாங்கயிறு.

இரண்டாவது பால்மிட்டாயிலேஷன். 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் சிஸ்டீனின் கந்தகத்தோடு தயோஎஸ்டர் பிணைப்பில் சேர்கிறது. இதைக் கட்டுவதற்கு மனித உடலில் 23 நொதிகள் இருக்கின்றன. அஸ்பார்டிக் அமிலம், ஹிஸ்டிடின், ஹிஸ்டிடின், சிஸ்டீன் என்ற வரிசை அவற்றில் இருப்பதால் டிஹெச்ஹெச்சி நொதிகள் என்கிறோம். 2002-இல் ஈஸ்டில்தான் இவை முதலில் அடையாளம் காணப்பட்டன. அவிழ்ப்பதற்கும் ஆள் உண்டு: ஏபிடி1, ஏபிடி2, ஏபிஹெச்டி17 ஆகியவை. ஆகவே இது தும்பு. கட்டலாம், அவிழ்க்கலாம், நிமிடக் கணக்கில் மாற்றலாம்.

ராஸ் போன்ற புரதங்களின் வால் பக்கத்தில் ஒட்டும் 15 கார்பன் ஃபார்னெசில், 20 கார்பன் ஜெரனைல்ஜெரனைல் ஆகியவையும் உண்டு. இப்போதைக்குப் பெயர் தெரிந்தால் போதும்.

இரண்டாம் படி: இரண்டு எண்ணெய்ப் பாட்டில்கள்

மார்கழிக் காலையில் வீட்டுச் சமையலறைக்குப் போய், செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயையும் கடலை எண்ணெயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும், கடலை எண்ணெய் ஓடும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். நிறைவுற்ற சங்கிலி நேரானது, விறகு அடுக்குவதுபோல நெருக்கமாக அமையும். நிறைவுறாத சங்கிலியில் மடிப்பு உண்டு, அதனால் அப்படி அமையாது.

செல் சவ்விலும் இதே கதைதான். கொலஸ்ட்ரால், ஸ்பிங்கோலிப்பிட், நிறைவுற்ற சங்கிலிகள் ஆகியவை சேர்ந்து நெருக்கமாக அமைந்த பகுதிகள் உண்டாகின்றன. புத்தகங்களில் லிப்பிட் ராஃப்ட் என்று படித்திருப்பீர்கள். பால்மிட்டிக் அமிலம் நேரான சங்கிலி என்பதால், அதைச் சுமக்கும் புரதம் அந்தப் பகுதிகளை நாடும். கிளைகளும் இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட ஃபார்னெசிலுக்கு அங்கே இடம் சரியாக அமைவதில்லை. கொழுப்பின் வடிவம் புரதத்தின் இடத்தைத் தீர்மானிக்கிறது என்பதை இந்தப் பாட்டில்களைவிட எளிமையாக என்னால் சொல்ல முடியவில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் உடனே ஒன்று கேட்பார்கள்: தேங்காய் எண்ணெயில் மிரிஸ்டிக் அமிலமும் பால்மிட்டிக் அமிலமும் இருக்கின்றனவே, அதைச் சாப்பிட்டால் டி செல் பலமாகுமா? அந்த முடிவுக்குத் தாவாதீர்கள். பால்மிட்டிக் அமிலத்தை உடல் தானே தயாரித்துக்கொள்ளும். எந்தப் புரதத்தில், எப்போது, எந்த நொதி ஒட்டுகிறது என்பதுதான் இங்கே கட்டுப்பாடு. ஆய்வகக் கிண்ணத்தில் நிறைய மீன் எண்ணெய் வகைக் கொழுப்பு கொடுத்து வளர்த்த டி செல்களில் சில சமிக்ஞைப் புரதங்கள் அந்த நெருக்கமான பகுதிகளிலிருந்து விலகுவதைக் கண்டிருக்கிறார்கள். அது கிண்ணத்தில் நடந்தது. அதைக் கொண்டு வாட்ஸப்பில் உணவு ஆலோசனை எழுத யாருக்கும் உரிமை இல்லை, நமக்கு நிச்சயமாக இல்லை.

மூன்றாம் படி: எல்சிகே புரதத்தின் தலையைக் கையால் எழுதுங்கள்

ஒரு நோட்டில் எழுதுங்கள்: மெத்தியோனின், கிளைசின், சிஸ்டீன், வேலின், சிஸ்டீன், செரின், செரின். இதுதான் எல்சிகே என்ற டைரோசின் கைனேஸின், அதாவது மற்றப் புரதங்களின் டைரோசினில் பாஸ்பேட் ஏற்றும் நொதியின், தொடக்கம். இரண்டாம் இடத்துக் கிளைசினில் மிரிஸ்டிக் அமிலத்தை வரையுங்கள். மூன்றாம், ஐந்தாம் இடத்துச் சிஸ்டீன்களில் பால்மிட்டிக் அமிலத்தை வரையுங்கள். ஒரு புரதத்துக்கு மூன்று கயிறுகள்.

மிரிஸ்டிக் அமிலம் மட்டும் இருந்தால் பிடி போதாது. சவ்வைத் தொடும், நழுவிவிடும். பால்மிட்டிக் அமிலமும் சேர்ந்தால்தான் நின்று பிடிக்கும். மூன்றையும் ஐந்தையும் செரினாக மாற்றிய எல்சிகே சவ்வில் நிற்பதில்லை, அது இருக்கும் டி செல்லில் சமிக்ஞையும் எழுவதில்லை என்று 1997-இல் காட்டினார்கள். அதன் கைனேஸ் பகுதியில் எந்தக் குறையும் கிடையாது. அரிவாள் கூராகத்தான் இருக்கிறது, ஆள்தான் வயலில் இல்லை.

இங்கே ஒவ்வொரு ஆண்டும் யாராவது தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எல்சிகே புரதத்தில் 20, 23 ஆகிய இடங்களிலும் சிஸ்டீன்கள் உள்ளன. அவற்றின் வேலை வேறு: துத்தநாக அயனியைப் பிடித்துக்கொண்டு, டி செல்லின் மேற்பரப்புப் புரதங்களான சிடி4, சிடி8 ஆகியவற்றின் வாலோடு கைகோப்பது. சிஸ்டீன் என்றாலே பால்மிட்டேட் (ஒட்டிய பால்மிட்டிக் அமிலம்) என்று நினைத்து மரபணு மாற்றத்தைத் திட்டமிட்டால் ஆறு மாதம் போய்விடும்.

நான்காம் படி: முழுப் பாதையையும் ஒரே பக்கத்தில்

ஆன்டிஜன், அதாவது டி செல் அடையாளம் காணும் அந்நியத் துண்டு, டி செல் ஏற்பியைத் தொட்டதும், எல்சிகே ஏற்பியோடு இருக்கும் சிடி3 வால்களில் பாஸ்பேட் ஏற்றுகிறது. அந்தப் பாஸ்பேட்டைப் பிடித்து சாப்-70 என்ற இன்னொரு கைனேஸ் வந்து உட்காருகிறது. சாப்-70 அடுத்து லாட் என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏற்றுகிறது. லாட் ஒரு சந்தை மேடைமாதிரி: பிஎல்சி காமா என்ற நொதி உட்படப் பலரும் அங்கேதான் கூடுகிறார்கள். அங்கிருந்து ஒரு கிளை கால்சியத்தை உயர்த்தி, கால்சினியூரின் வழியாக என்ஃபேட் என்ற காரணியைச் செல்லின் உட்கருவுக்குள் அனுப்புகிறது. இன்னொரு கிளை ராஸ், எர்க் ஆகிய புரதங்கள் வழியாகப் போகிறது. இரண்டும் சேர்ந்தால் இன்டர்லூக்கின்-2 என்ற சமிக்ஞைப் புரதம் சுரக்கும், டி செல் பெருகும். சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் நேரம் தவறாமல் சாப்பிடும் டாக்ரோலிமஸ் அடைப்பது இந்தக் கால்சினியூரின் மடையைத்தான். உங்கள் தெருவிலேயே அந்த மாத்திரை சாப்பிடுபவர் ஒருவர் இருக்கக்கூடும். இந்தப் படம் பரீட்சைக்கு மட்டுமானதல்ல என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இந்தப் பக்கத்தில் எந்தெந்தப் புரதத்துக்குக் கொழுப்புக் கயிறு உண்டு என்று சிவப்பு மையில் குறியுங்கள். எல்சிகே, லாட், ராஸ் மூன்றுக்கும் உண்டு. சாப்-70-க்கு இல்லை, அது வேண்டும்போது வந்து போவது. லாட் புரதத்தில் 26, 29 ஆகிய இடங்களில் உள்ள சிஸ்டீன்கள் பால்மிட்டேட் ஏற்பவை. 1998-இல் வந்த ஆய்வு, 26-ஆம் சிஸ்டீன் இல்லாவிட்டால் லாட் அந்த நெருக்கமான சவ்வுப் பகுதிகளுக்குப் போவதில்லை, பாஸ்பேட்டும் ஏறுவதில்லை என்றது. பல ஆண்டுகள் பாடப்புத்தகங்கள் அதை ராஃப்ட் கதையாகவே சொல்லின. பிறகு வந்தவர்கள் வேறொன்றைக் காட்டினார்கள்: பால்மிட்டேட் இல்லாத லாட் செல்லின் மேற்பரப்புக்கே சரியாக வந்து சேர்வதில்லை. வேறு வழியில் மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிட்டால், ராஃப்ட்டில் இல்லாமலேயே ஓரளவு வேலை செய்கிறது. என்னைக் கேட்டால், புதிதாக வருபவர் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் கட்டுரையை மட்டும் படித்தவர் ராஃப்ட் என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறார்.

இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். துணைச் சமிக்ஞை கிடைக்காமல் மரத்துப்போன டி செல்களில் லாட் புரதத்தின் பால்மிட்டாயிலேஷன் குறைந்திருப்பதை 2006-இல் கண்டார்கள். கயிறு அவிழ்வது செல்லின் நடத்தையோடு சேர்ந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

ஐந்தாம் படி: கணினியில் ஒரு வாரம்

ஆய்வகத்தில் கை வைக்கும் முன் யூனிபுராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் பி06239 என்று தேடுங்கள், மனித எல்சிகே வரும். ஓ43561 லாட். கொழுப்பு ஒட்டும் இடங்கள் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் நோட்டில் வரைந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து ஸ்விஸ்பாம் என்ற தரவுத்தளம். எந்தப் புரதம் பால்மிட்டேட் ஏற்றதாக எத்தனை சோதனைகளில் கண்டார்கள் என்று அது சொல்லும். கணிப்பு மென்பொருள்கள் சொல்வதைத் தேடலுக்கான துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: செல்கள்

தொடக்கத்துக்கு ஜர்க்காட் செல்கள் போதும். டி செல் ரத்தப்புற்று இருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்திலிருந்து 1970-களில் எடுத்து வளர்க்கப்பட்டவை. இந்தியாவில் புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் செல் களஞ்சியத்தை அணுகலாம். ஆர்பிஎம்ஐ 1640 ஊடகம், 10 சதவீத சீரம், 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு. ஒரு மில்லிக்கு 1 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். வந்த முதல் வாரத்திலேயே சில குழாய்களை உறையவைத்து, திரவ நைட்ரஜன் கேனில் போட்டுவையுங்கள். கால்நடை மருத்துவமனையில் சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளைப் போட்டுவைக்கும் அதே கேன்தான். நைட்ரஜன் அளவை வாரம் ஒருமுறை குச்சி விட்டுப் பார்ப்பதற்கு ஓர் ஆளை நியமியுங்கள்.

ஜர்க்காட்டின் உண்மையான பெருமை அதன் குறைபாட்டு வகைகள். ஜேகேம் 1.6 வகையில் வேலை செய்யும் எல்சிகே இல்லை. ஜேகேம் 2.5 வகையில் லாட் இல்லை. இவற்றில் சரியான புரதத்தை ஒரு பக்கமும், சிஸ்டீன் மாற்றிய புரதத்தை இன்னொரு பக்கமும் திரும்ப வைத்தால், கயிறு செய்யும் வேலை தனியாகத் தெரியும். ஜர்க்காட்டில் பிடென் என்ற புரதம் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். அதனால் சில பாதைகள் எப்போதும் பாதி திறந்தே கிடக்கும்.

ஏழாம் படி: கயிற்றைக் கண்ணால் பார்ப்பது

இங்கே நிதானம் வேண்டும். முன்பு ட்ரிட்டியம் சேர்த்த பால்மிட்டிக் அமிலத்தைச் செல்லுக்கு ஊட்டி, எக்ஸ்-ரே ஃபிலிமை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வைத்துக் காத்திருந்தார்கள். இப்போது அசைல்-பயோட்டின் மாற்று முறை இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில்கூடச் செய்யலாம், கதிரியக்க அனுமதி தேவையில்லை.

அதன் தர்க்கம் இது. செல்லை உடைத்ததும், கொழுப்பு ஒட்டாமல் சும்மா இருக்கும் சிஸ்டீன்களையெல்லாம் என்-எத்தில்மாலிமைடு கொண்டு அடைத்துவிடுகிறோம். குளோரோஃபார்ம், மெத்தனால் விட்டுப் புரதத்தை வீழ்படிவாக்கி, மிச்ச மாலிமைடைக் கழுவுகிறோம். பிறகு நடுநிலை பிஹெச்சில் ஹைட்ராக்சிலமீன் சேர்க்கிறோம். அது தயோஎஸ்டரை மட்டும் வெட்டும், மிரிஸ்டிக் அமிலத்தின் அமைடைத் தொடாது. பால்மிட்டேட் இருந்த இடத்தில் இப்போது புதிய சிஸ்டீன் திறந்திருக்கும். அதில் பயோட்டினைக் கோத்து, பயோட்டினைப் பற்றிக்கொள்ளும் ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் இழுத்து, வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தை எடைப்படி பிரித்து ஆன்டிபாடியால் காணும் சோதனை) எல்சிகே ஆன்டிபாடி போட்டால் 56 கிலோடால்டன் பக்கம் பட்டை வரும்.

ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு ஹைட்ராக்சிலமீன், மறு பாதிக்கு அது இல்லாத டிரிஸ் பஃபர். இந்த மறு பாதியில் பட்டை வரக்கூடாது. நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது, நாளைக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்று இந்தப் பாதியைத் தள்ளிவைத்தே மூன்று மாதம் ஓட்டினேன். ஒவ்வொரு பிளாட்டிலும் அழகான பட்டை. கடைசியில் இரண்டையும் சேர்த்து ஓட்டியபோது இரண்டிலும் அதே பட்டை. மாலிமைடு சரியாக அடைக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தது சும்மா கிடந்த சிஸ்டீன்களை. மூன்று மாதத்து நோட்டும் வீண். என் மாணவர்கள் அந்த இணைப் பாதியில்லாமல் கொண்டுவரும் பிளாட்டை இன்றுவரை நான் பார்ப்பதில்லை, எத்தனை அழகாக இருந்தாலும் சரி.

ஹைட்ராக்சிலமீன் கரைசலை அன்றன்று தயாரியுங்கள். உப்பைக் கரைத்ததும் அமிலமாக இருக்கும், சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 7.0 முதல் 7.4-க்குள் கொண்டுவாருங்கள். பிஹெச் மீட்டரை அன்று காலையில் அளவிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்த முறை எந்தத் தயோஎஸ்டரையும் பிடிக்கும். அங்கே இருந்தது 16 கார்பனா, 18 கார்பனா என்று சொல்லாது. சிஸ்டீனைச் செரினாக மாற்றிய புரதத்தில் பட்டை மறைகிறது என்று காட்டினால்தான் இடம் உறுதியாகும்.

எத்தனை கயிறு என்று எண்ண வேண்டுமானால் பயோட்டினுக்குப் பதில் கனமான பெக்-மாலிமைடைக் கோத்துப் பாருங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் பட்டை ஒரு படி மேலே ஏறும். எல்சிகே புரதத்தில் இரண்டு படிகள் வரை பார்க்கலாம்.

புதிதாக ஏறும் கொழுப்பைப் பார்க்க க்ளிக் வேதியியல். நுனியில் ஆல்கைன் வைத்த கொழுப்பு அமிலத்தைச் செல் சாதாரணக் கொழுப்பு என்று நினைத்து எடுத்துக்கொள்ளும். பிறகு தாமிரத்தின் உதவியோடு ஒளிரும் அசைடை அதில் கோக்கலாம். 2022 வேதியியல் நோபல் இந்தத் துறையைக் கட்டிய பெர்டோசி, மெல்டால், ஷார்ப்லெஸ் மூவருக்கும் கிடைத்தது. ஊட்டும் நேரத்தில் சீரத்தைக் குறைக்கவோ கொழுப்பு நீக்கிய சீரத்தைப் பயன்படுத்தவோ வேண்டும். சீரத்தில் ஏற்கெனவே கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன, அல்புமின் நீங்கள் ஊட்டுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜெல்லுக்கு முன் மெர்காப்டோஎத்தனாலை அதிகம் போட்டு நெடுநேரம் கொதிக்கவைத்தால் தயோஎஸ்டர் அறுந்துவிடும். வழக்கமான மாதிரி பஃபரை யோசிக்காமல் ஊற்றிவிடாதீர்கள்.

எட்டாம் படி: தும்பை விட்டு வாலைப் பிடிக்காதீர்கள்

செயல்பாட்டை அளக்கும்போது பலரும் நேராக இன்டர்லூக்கின்-2 எவ்வளவு சுரந்தது என்று அளக்கும் எலைசா சோதனைக்குப் போகிறார்கள். அது 24 மணி நேரம் கழித்து வரும் வால். அதற்குள் நூறு காரியம் நடந்திருக்கும். கயிற்றுக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் அளங்கள். சிடி3 ஆன்டிபாடியால் தூண்டி, ஓரிரு நிமிடத்தில் டைரோசின் பாஸ்பேட், ஐந்து நிமிடம் வாக்கில் எர்க், அதே நேரத்தில் ஃப்ளோ சைட்டோமீட்டரில் கால்சியம். சில மணி நேரத்தில், விழித்த டி செல்லின் மேற்பரப்பில் தோன்றும் சிடி69. இன்டர்லூக்கின்-2 கடைசி.

பக்கத்திலேயே ஒரு குழாயில் பிஎம்ஏ, அயனோமைசின் என்ற இரண்டு வேதிப்பொருள்களையும் சேர்த்துத் தூண்டுங்கள். இவை சவ்வருகே உள்ள எல்சிகே, லாட் ஆகியவற்றைத் தாண்டிக் கீழே நேராகத் தட்டும். கயிறு அறுந்த செல் சிடி3 தூண்டலுக்கு அசையாமல் இதற்கு மட்டும் நன்றாக எழுந்தால், கோளாறு மேலேதான், செல் செத்துப்போகவில்லை என்று தெரியும்.

2-புரோமோபால்மிட்டேட் என்ற தடுப்பானைப் பற்றி எச்சரிக்கை. மலிவு, எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் 23 நொதிகளையும் சேர்த்து அடிக்கும், கொழுப்பு வளர்சிதை மாற்றத்தையும் அடிக்கும், அவிழ்க்கும் நொதிகளையும் விட்டுவைக்காது. அதன் விளைவை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. சிஸ்டீன் மாற்றமோ, குறிப்பிட்ட நொதியை நீக்குவதோ உடன் வேண்டும். எல்சிகே புரதத்துக்கு டிஹெச்ஹெச்சி21 முக்கியமானது என்று கண்டிருக்கிறார்கள், அங்கிருந்து தொடங்கலாம்.

அதற்கு மேல் படிக்க விரும்பினால்

எனக்கு மிகவும் பிடித்தது, மரபணுக்களை இயக்கும் ஸ்டாட்3 என்ற புரதத்தைப் பற்றி 2020-இல் வந்த கதை. டிஹெச்ஹெச்சி7 ஸ்டாட்3-இல் பால்மிட்டேட் கட்டிச் சவ்வுக்குக் கொண்டுவருகிறது, அங்கே பாஸ்பேட் ஏறுகிறது. ஏறியதும் ஏபிடி2 கயிற்றை அவிழ்க்கிறது, புரதம் உட்கருவுக்குப் போகிறது. கட்டவும் வேண்டும், அவிழ்க்கவும் வேண்டும். இந்தச் சுற்று ஓடினால் அழற்சியைத் தூண்டும் டிஹெச்17 என்ற வகை டி செல்கள் உருவாகின்றன. ஏபிடி2-ஐத் தடுத்தபோது எலிகளில் குடல் அழற்சி தணிந்தது.

புற்றுநோய்ப் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் பிடி-எல்1 பற்றிப் படியுங்கள். டி செல்லை அடக்கும் இந்தப் புரதத்தில் பால்மிட்டேட் ஏறினால் அது சிதைவிலிருந்து தப்பிப் புற்றுச் செல்லின் மேற்பரப்பில் நிலைக்கிறது என்று 2019-இல் காட்டினார்கள். டி செல் பக்கத்தில் இருக்கும் பிடி-1-க்கும் பால்மிட்டேட் உண்டு.

மூக்கணாங்கயிற்றை மொத்தமாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் எலி ஆய்வு இருக்கிறது. டி செல் வரிசையில் என்எம்டி நொதிகளை நீக்கினால் தைமஸிலேயே டி செல் வளர்ச்சி தடைப்படுகிறது, ஏற்பியின் சமிக்ஞையும் மங்குகிறது.

முதல் பிளாட்டுக்கு நாள் குறிக்கும்போது திங்கட்கிழமை செல்லைப் பிரித்துப் போடுங்கள், புதன் காலை உடையுங்கள். மாலிமைடு, வீழ்படிவு, ஹைட்ராக்சிலமீன் எல்லாம் அன்றே முடிந்துவிடும், மணிகளை வியாழன் இழுக்கலாம். உடைத்த சாற்றில் ஒரு சிறு பங்கை எதுவும் செய்யாமல் எடுத்து, தேதி எழுதி, தனியாக உறையவைத்துவிடுங்கள். பட்டை வராதபோது, அந்தச் சாற்றில் எல்சிகே இருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குழாயில்தான்.